புத்தகத்தை மூடிவிட்டுப் பாடம் கொடுங்கள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை, நோட்டுப் புத்தகங்கள் வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இந்த மேடையில் நாம் ஒரே மாதிரிதான் பேசி வந்திருக்கிறோம். கல்வியின் சிறப்பைச் சொல்வோம். நோட்டும் பையும் காசோலையும் கொடுப்போம். "நன்றாகப் படியுங்கள் பிள்ளைகளே" என்று துஆச் செய்து அனுப்பி வைப்போம். ஆனால் நன்றாகப் படிப்பது என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது என்று ஒரு தடவைகூட நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்று அதை மட்டும் பேசுவோம். அதற்கு முன்பு, நம் பக்கம் நடந்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

நம்மிடம் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவர். பெயர் வேண்டாம். சிறு வயதிலேயே ஹிஃப்ழு முடித்து ஹாஃபிழ் ஆனவர். அதன் பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினார். கணிதத்தில் 19, சமூக அறிவியலில் 28. தேர்ச்சிக்கு 35 வேண்டும். தேர்ச்சி பெறாதவருக்கு அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடையாது என்பது அப்போது நமது விதி. அவருடைய உம்மா அலுவலகத்துக்கு வந்து, "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சான் பாய், நான் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னார். நாம் என்ன பதில் சொன்னோம்? "இன்னும் கூடுதலா படிக்கணும்மா. சில பிள்ளைகளுக்கு மூளை அந்தப் பக்கம் போகாது" என்றோம். அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

போன ரமளானில் நம் பள்ளியில் தராவீஹ் தொழுகை நடத்தியது அதே பிள்ளைதான். முப்பது ஜுஸ்உவையும் பார்க்காமல் ஓதி, 27-ஆம் இரவில் தமாம் செய்தார். பின்னால் கைகட்டி நின்ற நமக்கு வெட்கமாக இருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்களை நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளைக்கா மூளை போகாது என்று சொன்னோம்?

தொழுகை முடிந்து பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டோம். "தம்பி, இவ்வளவையும் மனசுல வச்சிருக்கியே, ஸ்கூல் பாடம் மட்டும் ஏன் நிக்கலே?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அதையும் படிச்சுக்கிட்டேதான் மாமா இருந்தேன். ஆனா யார்கிட்டயும் பாடம் கொடுக்கல."

இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

பாடம் கொடுப்பது என்றால் என்ன?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ஹிஃப்ழு ஓதும் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று வேலை. புதிய பாடம் ஒன்று, அது ஸபக். கடந்த சில நாட்களில் ஓதிய பாடம் ஒன்று; அதை ஸபக் பாரா என்போம். எப்போதோ முடித்த பழைய பாடம் ஒன்று, அது தவ்ர். பெயர்கள் மதரஸாவுக்கு மதரஸா மாறும், முறை மாறாது. இந்த மூன்றையும் குர்ஆனை மூடி உஸ்தாத் கையில் கொடுத்துவிட்டு, பார்க்காமல் ஓதிக் காட்ட வேண்டும். அதுதான் பாடம் கொடுப்பது. தடுமாறிய இடத்தில் உஸ்தாத் பென்சிலால் கோடு போடுவார். மறுநாள் அந்த இடத்தைத் தனியாகக் கேட்பார். பாடம் கொடுக்காதவருக்கு அடுத்த ஸபக் கிடையாது.

அதே பிள்ளை பள்ளிக்கூடப் புத்தகத்தை எப்படிப் படிக்கிறது? திறந்து வைத்துக்கொண்டு, ஆடிக்கொண்டே, ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை சத்தமாக வாசிக்கிறது. பத்தாவது தடவை வார்த்தைகள் பழக்கமாகிவிடும். பழக்கமானதும் "தெரிஞ்சிடுச்சு" என்று தோன்றும். ஸ்கெட்ச் பேனாவால் நாலு வரிக்கு மஞ்சள் பூசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தேர்வு அறையில் புத்தகம் இருக்காது. அங்கேதான் அந்தப் பிள்ளை முதன்முதலாகப் பார்க்காமல் சொல்லிப் பார்க்கிறது. முதல் பாடத்தையே தேர்வு அறையில் கொடுத்தால் என்ன ஆகும்?

முகத்தைப் பார்த்ததும் ஒருவரை அடையாளம் தெரிவது வேறு, அவர் இல்லாதபோது பெயரை நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. வாசித்துக்கொண்டே இருப்பது முதலாவதை வளர்க்கும். தேர்வு கேட்பது இரண்டாவதை.

இது நம் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு அறிவியல் பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை நான்கு சுற்று வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை வெள்ளைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் மேல்: நூற்றுக்கு 83, எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழாகிவிட்டது. வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்தவர்கள்தான். இரவு பன்னிரண்டு மணி வரை உட்காரும் நம் பிள்ளைகளும் இந்த நம்பிக்கையில்தான் ஏமாந்து போகிறார்கள்.

பழைய பாடம் ஓடிப்போகும்

மனப்பாடம் செய்த குர்ஆனை, கட்டிப்போட்ட ஒட்டகத்துக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதை நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். கவனிக்காமல் விட்டால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு நபியவர்கள் குர்ஆனைத் திருப்பி ஓதினார்கள் என்பதும், கடைசி ஆண்டில் இருமுறை ஓதினார்கள் என்பதும் நமக்குத் தெரிந்த செய்தி. அவர்களே திரும்ப ஓதினார்கள் என்றால், நம் பிள்ளை ஜூனில் படித்த முதல் பாடத்தை மார்ச்சில்தான் திரும்பப் புரட்டுவேன் என்று இருப்பது எப்படிச் சரியாகும்?

மறதி எல்லாருக்கும் உண்டு. ஜெர்மனி நாட்டு எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, 1885-இல் ஒரு நூல் எழுதினார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவுகிறது, அதன் பிறகு நழுவும் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். அதனால் திருப்புதலை முதலில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் வைக்க வேண்டும். இதை நம் முன்னோர் வேறு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் ஸர்னூஜி, மாணவர்களுக்காக எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற நூலில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். நேற்றைய பாடத்தை ஐந்து தடவை, அதற்கு முந்தின நாள் பாடத்தை நான்கு தடவை, அதற்கும் முந்தினதை மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. அவர் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

மனப்பாடம் மட்டும் போதுமா?

போதாது. இதை அழுத்தமாகச் சொல்கிறோம், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. குர்ஆனில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது, அதனால் அப்படியே ஓதுகிறோம். அறிவியலும் கணக்கும் வரலாறும் அப்படி அல்ல. அங்கே பொருள் புரிய வேண்டும், காரணம் தெரிய வேண்டும். ஹிஃப்ழு முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பார்க்காமல் சொல்வதையும், பழையதைத் திருப்புவதையும், பிழையைக் குறித்துத் திருத்துவதையும்தான். புரியாததை உருப்போடுவதை அல்ல.

தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில் கல்வி முறையைப் பற்றியும் பேசுகிறார். அவர் காலத்தில் மொராக்கோ மதரஸாக்களில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் காலம் 16 ஆண்டுகள், தூனிஸில் 5 ஆண்டுகள். மொராக்கோவில் ஏன் அவ்வளவு காலம்? அங்கே மாணவர்கள் மனப்பாடத்திலேயே அதிகக் கவனம் வைக்கிறார்கள், பாட சபையில் வாய் திறப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை, விவாதிப்பதில்லை என்று அவர் குறைபடுகிறார். நம் மதரஸாக்களில் 'தக்ரார்' என்று ஒரு வழக்கம் உண்டு. உஸ்தாத் நடத்திய பாடத்தை மாலையில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மற்றவர்களுக்குத் தன் சொந்த வார்த்தையில் நடத்துவார். நடுவில் ஒருவர் "அது ஏன் அப்படி?" என்று கேட்டால் நடத்துபவர் விழிப்பார். எது புரியவில்லை என்று அந்த நிமிடத்தில் அவருக்கே தெரிந்துவிடும். நாம் ஓதிய காலத்தில் உஸ்தாதிடம் கற்றதில் பாதி தக்ராரில்தான் மனதில் உட்கார்ந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10. தேதியை மட்டும் பத்துத் தடவை எழுதினால் அது எண்ணாகத்தான் நிற்கும். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சிப்பாய்கள் எதற்காகக் கொதித்தார்கள்? புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம், சமயக் குறிகள் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு. அந்தக் கோட்டைக்குள் யார் இருந்தார்கள்? 1799-இல் உயிர் நீத்த திப்பு சுல்தானின் பிள்ளைகள். புரட்சி ஏன் அன்றைக்கே அடங்கியது? ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். இப்படி மூன்று 'ஏன்' கேட்டால் பாடம் கதையாக மனதில் உட்கார்ந்துவிடும். ஐந்து மதிப்பெண் வினா எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பிள்ளை எழுதும்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது

ஒன்று. பள்ளியில் நடந்த பாடத்தை அன்று மாலையே ஒரு தடவை கவனமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு பழைய தாளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் ஐந்து நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். முதல் வாரம் தாளில் பாதி சிவப்பாக இருக்கும். பயப்படாதீர்கள். அது உஸ்தாத் போடும் பென்சில் கோடு.

இரண்டு. புதுப் பாடம் தொடங்கும் முன் நேற்றைய பாடத்தைச் சொல்லிப் பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைப் பழைய பாடத்துக்கு என்றே ஒதுக்குங்கள். அது உங்கள் தவ்ர்.

மூன்று. கணக்கில், புத்தகத்தில் போட்டுக் காட்டிய எடுத்துக்காட்டைக் கதை போல வாசிக்காதீர்கள். விடையைக் கையால் மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள். ஒரே வகைக் கணக்கை இருபது போட்டால் கை வேலை செய்யும், மூளை தூங்கிவிடும். உருளை, கூம்பு, கோளம் மூன்றிலிருந்தும் கலந்து எடுத்துப் போடுங்கள். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதும் கணக்கின் ஒரு பகுதி. தேர்வில் அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

நான்கு. தவறுகளுக்கு என்று ஒரு நோட்டு வையுங்கள். இன்று கொடுக்கும் நோட்டுகளில் ஒன்றை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே தவறினோம், ஏன் தவறினோம், சரியானது என்ன என்று மூன்று வரி போதும். தேர்வுக்கு முந்தின நாள் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம், அந்த நோட்டைப் பாருங்கள்.

ஐந்து. உட்காரும் நேரத்தைச் சிறிதாக, ஆனால் தவறாமல் வையுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணி நேரம், ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம். அந்த நேரத்தில் செல்போன் இன்னோர் அறையில் இருக்கட்டும். ஒரே அறை வீடு என்றால் அத்தாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். இஷாவுக்குப் பிறகு சீக்கிரம் தூங்குங்கள். தூக்கத்தில்தான் பாடம் மனதில் இறுகுகிறது. தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பெற்றோர்களுக்கு

"எங்களுக்கு என்ன தெரியும் பாய், நாங்க படிக்காதவங்க" என்று தாய்மார்கள் பலர் சொல்கிறீர்கள். பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் படிப்பு வேண்டும். பாடம் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அடுப்பில் வேலையாக இருந்துகொண்டே கேட்கலாம். புரியாவிட்டால் "அது எதுக்கு அப்படி?" என்று திரும்பக் கேளுங்கள். உண்மையிலேயே தெரியாத ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட நல்ல பயிற்சி பிள்ளைக்குக் கிடையாது. பிள்ளை திணறினால் திட்ட வேண்டாம். "பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்லு" என்றால் போதும்.

இரண்டு கேள்விகளை இன்றோடு விட்டுவிடுங்கள். "எவ்வளவு நேரம் படிச்சே?" என்பது ஒன்று. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்குச்சு?" என்பது இன்னொன்று. அவற்றுக்குப் பதிலாக "எதைப் பார்க்காம சொல்லப் போறே?" என்று கேளுங்கள்.

"இவனுக்குப் படிப்பு வராது" என்று பிள்ளை காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள். நாம் சொன்னோம். அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டோம்.

நாம் செய்யப் போவது

செயற்குழுவில் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். தேர்ச்சி பெறவில்லை என்பதற்காக இனி முதல் ஆண்டிலேயே உதவித்தொகையை நிறுத்துவதில்லை. நிறுத்துவதைப் பற்றி யோசிக்கும் முன், அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று கூடவே உட்கார்ந்து பார்ப்போம். அடுத்து, இன்ஷா அல்லாஹ் இந்த மாதம் முதல் வாரத்தில் நான்கு நாட்கள் மஃரிபுக்குப் பின் அறக்கட்டளைக் கூடத்தில் பாடம் கேட்கும் ஏற்பாடு நடக்கும். இது டியூஷன் அல்ல, யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பாடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்குக் கூடத்தின் மேல்மாடியில், நம் சகோதரிகள் பாடம் கேட்பார்கள். மூன்றாவதாக, வேலைக்குப் போய்விட்டுத் தனித்தேர்வராக எழுத நினைப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும்.

அந்த ஹாஃபிழ் பிள்ளை இன்று இந்தச் சபையில் இல்லை. கடையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. பெருநாள் முடிந்த பிறகு வாரம் ஒரு நாள் நம் அலுவலகத்துக்கு வந்து கணிதமும் சமூக அறிவியலும் பாடம் கொடுக்கிறார். சமூக அறிவியல் வேகமாக வருகிறது. கணக்கு இன்னும் திணறுகிறது. தேர்ச்சி பெறுவாரா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் போகும்போது, "மாமா, அடுத்த ஸபக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவருக்காக எல்லாரும் துஆச் செய்யுங்கள்.

பிள்ளைகளே, இன்று நோட்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும், இந்தப் பேச்சில் நினைவிருப்பதை உங்கள் உம்மாவிடம் பார்க்காமல் சொல்லிக் காட்டுங்கள். அதுதான் உங்கள் முதல் பாடம்.

பயனுள்ள கல்வியையும், கற்றதன்படி நடக்கும் நல்வாய்ப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.